கழற்றி வைத்த கதவுகள்

என் வீட்டு மாடிக்கு அவர் குடிவந்த மறுநாள் காலையில் நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பின்னே, சும்மா இருப்பேனா? மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று கேட்கப் போனால், படுக்கையறைக் கதவைக் காணோம். சமையலறைக் கதவைக் காணோம். எல்லாவற்றையும் கீலோடு கழற்றி மொட்டைமாடிக் கொட்டகையில் அடுக்கிவிட்டு, மனுஷன் நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் திருப்புளி.

"யாரைக் கேட்டுக் கழட்டினீங்க? இடத்தைக் குடுத்தா மடத்தைப் பிடுங்குற கதையா இருக்கே!"

"மன்னிச்சுக்குங்கம்மா. கதவு இருந்தா எனக்குத் தூக்கம் வராது. காலி பண்றப்போ திரும்ப மாட்டிக் குடுத்துடறேன். எந்த ஸ்க்ரூ எந்தக் கதவுக்குன்னு தனித்தனியா நூல் சுத்தி வச்சிருக்கேன்."

"குளிக்கிற ரூமுக்கு என்ன பண்ணுவீங்க?"

"திரை போட்டுக்கலாம்னு இருக்கேன். நீங்க தைக்கறவங்கதானே, ஒண்ணு தச்சுக் குடுங்களேன்."

சண்டைக்கு வந்தவளிடமே வேலை கொடுக்கிற ஆளை என்ன செய்வது? அளவு எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். அப்படி ஆரம்பித்த குடித்தனம், என் பெண் கல்யாணமாகிப் போய், என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து, அந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர் என்று ஆன பிறகும் தொடர்ந்தது. கீழே என் தையல் கடை, மேலே அவர். நடுவில் ஒரு படிக்கட்டு.

நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர் என்று தெரிந்ததும் தெரு அவருக்கு முங்கி சார் என்று பெயர் வைத்துவிட்டது. இஸ்திரிக்காரர் துணி கொண்டுவரும்போதெல்லாம், "முங்கி சார் மேல இருக்காரா, முங்கிட்டாரா?" என்பார். அவரும் சிரித்துக்கொள்வார். கோபம் என்பதே இல்லாத மனுஷன். எனக்கு இருப்பது இரண்டு பேருக்கும் போதும் என்று விட்டுவிட்டாரோ என்னவோ.

அவருடைய கதை எனக்கு ஒரே நாளில் தெரியவில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற ஆள். சண்டைகளுக்கு நடுவில் துண்டு துண்டாகப் பொறுக்கி நான்தான் ஒட்டுப் போட்டேன். இளவயதில் நீர்மூழ்கியில் அவருக்கு வேலை, கேட்டுச் சொல்வது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும்; எந்தத் திசையில் எந்தக் கப்பல் போகிறது என்று கேட்டு, கேட்டதைத் தலைவனிடம் சொல்ல வேண்டும். வெளிச்சம், காற்று எல்லாமே அந்த ஒரே இரும்புக் குழாய்க்குள்தான். ஒருமுறை ஏதோ பழுதாகி, கடலடியில் கப்பல் தரைதட்டி நின்றுவிட்டதாம். கதவுகளையெல்லாம் அடைத்துவிட்டு, மூச்சைக்கூட எண்ணி விட்டுக்கொண்டு கிடந்தார்களாம். மேலே வந்தவர் பிறகு எந்தக் கதவையும் சாத்தவில்லை.

எதிரி நாட்டோடு சண்டை மூண்டதும் உளவுத்துறை அவரை எடுத்துக்கொண்டது. எதிரிக் கப்பல்காரர்கள் ரேடியோவில் பேசுவதைக் கேட்கிற வேலை. கரையில்தான், ஆனால் நிலவறை. மறுபடியும் இரும்புக் கதவு. அங்கேதான் அந்த மொழி அவருக்குப் படிந்தது. சமையல்காரனைத் திட்டுகிறவன், பாட்டு முணுமுணுக்கிறவன், பிள்ளை பிறந்ததை அடுத்த கப்பல்காரனுக்குச் சொல்லிச் சிரிக்கிறவன் என்று எதிரிகளை ஆள் ஆளாகத் தெரியும்.

"நான் ஒருத்தன் இருக்கறதே அவங்களுக்குத் தெரியாதும்மா. நான் மட்டும் தினம் அவங்க வீட்டுக்குள்ள போய் உக்காந்த மாதிரி இருக்கும்."

"அப்புறம் அவங்க என்ன ஆனாங்க?"

"நான் எழுதிக் குடுத்த இடத்துக்குக் குண்டு போச்சு" என்று சொல்லிவிட்டு, டம்ளரைக் கழுவ எழுந்துபோய்விட்டார். நான் அதற்குமேல் கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் இங்கிதம் உண்டு.

சண்டை முடிந்தது. பதக்கம் கொடுத்தார்கள். வாங்கி வைத்துவிட்டு நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய், எதிரியின் மொழியைச் சொல்லித்தருகிறேன் என்று நின்றிருக்கிறார். சிரித்தார்களாம். போனால் போகிறதென்று சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் ஓர் அறையைக் கொடுத்தார்கள். முதல் வருஷம் சேர்ந்தது இரண்டு பேர். ஒருவன் பாதியில் நின்றுவிட்டான். மிச்சம் ஒரு பெண். அறைச் சுவரில் துரோகி என்று எழுதிவிட்டுப் போவார்கள். இவர் அதைத் துடைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த ஒருத்திக்கே நடத்தினார். ஓய்வு பெறும்போதுகூட ஏழெட்டுப் பேர்தான். பிறகு அந்தப் பெண்ணே துறைக்குத் தலைவியானார். எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற ஒரே ஆள் அவர்தான். நான் டீச்சர் என்று கூப்பிடுவேன். டீச்சர் காலத்தில் கூட்டம் சேர்ந்தது. ஆனால் வகுப்பை நிலத்தடித் தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். இவர் அங்கே இறங்கவில்லை.

கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"பொண்ணு பாக்கத்தான் பாத்தாங்க. கதவைத் தொறந்து போட்டுப் படுக்கறவனுக்கு யாரும்மா குடுப்பா?"

அதுவும் நியாயம்தான்.

அந்தக் காதைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதையே இல்லை. பட்டப்பகலில் ஒரு திருடன், திறந்த வீடாயிற்றே என்று மாடி ஏறியிருக்கிறான். இவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், திரும்பாமலே, "இடது கால் செருப்பு வார் அறுந்திருக்கு. பாத்து ஏறு, விழுந்துடப் போற" என்றாராம். அவன் ஓடிய ஓட்டத்தில் அந்தச் செருப்பு என் கடை வாசலில்தான் கிடந்தது. நான் கீழே மிஷினை மிதித்துக்கொண்டிருப்பேன், மாடியிலிருந்து குரல் வரும்: "பெல்ட் தளர்ந்திருக்கும்மா." பார்த்தால் தளர்ந்துதான் இருக்கும். கேட்கிறவர் என்பதால் சத்தம் போடவும் மாட்டார். ஒரு டம்ளரைக் கீழே வைத்தால் ஈக்குக்கூடத் தெரியாது. நான்தான் எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசுகிறவள். "கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா" என்பது அவர் எனக்குத் தினம் சொல்கிற வேதம். சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், கொஞ்ச நாளாக அதையும் விட்டுவிட்டார். நானும் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மொழித் துறைக்குப் புதிதாக ஒரு கட்டடம் கட்டி, அதற்கு அவர் பெயரை வைக்கப்போகிறார்கள் என்று டீச்சர் வந்து சொன்ன நாளில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டீச்சர் போன பிறகு படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்.

"பேரு கெடக்குதும்மா, அதை யார் பாக்கப்போறா. ஒரே ஒரு ஆசைதான். இத்தனை நாள் அந்த மொழியை ஒளிஞ்சிருந்து கேட்டேன். இல்லன்னா நானே பேசி நானே கேட்டுக்கிட்டேன். ஒரு ரூம் நிறைய பசங்க அதைச் சாதாரணமா பேசிச் சிரிக்கறதை, பக்கத்துல உக்காந்து, ஒரு தடவை கேட்டுடணும்."

"இதென்ன பெரிய ஆசை? கட்டடமே உங்களோடதுங்கறாங்க. காலை நீட்டி உக்காந்து கேளுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, ஆழம் தெரியாமல்தான் சொன்னேன். அந்தக் கட்டடத்து மேடைக்குத் திரை தைக்கிற வேலை, அலங்காரக்காரர் மூலமாக என் கைக்கே வந்தது. அளவெடுக்கப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். ஜன்னல் எல்லாம் வட்டம் வட்டமாக, கனத்த கண்ணாடி, திறக்கிற வழியே கிடையாது. கதவு இரும்பு, நடுவில் சுற்றித் திறக்கிற சக்கரம், விட்டால் தானாகவே வந்து மூடிக்கொள்கிறது. உள்ளே தாழ்ந்த கூரை, சாம்பல் நிறச் சுவர், தலைக்கு மேல் குழாய்கள். போதாக்குறைக்கு மூலைக்கு மூலை சிவப்பு விளக்கு. பாவிகள், அவருக்கு மரியாதை செய்கிறோம் என்று ஒரு நீர்மூழ்கியையே கட்டி வைத்திருந்தார்கள்!

இன்ஜினியர் பூரித்துப்போய் நின்றிருந்தார். "எப்படிம்மா? சாருக்கு சொல்லல. சர்ப்ரைஸ். உள்ள கால வச்சதும் பழைய ஞாபகமெல்லாம் வந்துடும்."

"வந்துடும்பா. அதான் பயமா இருக்கு. அவர் குளிக்கிற ரூமுக்கே கதவு வச்சுக்கறதில்ல, தெரியுமா? நாலு ஜன்னலையாவது தொறக்கற மாதிரி பண்ணக் கூடாதா?"

"டிசைன் கெட்டுடும்மா" என்றார்.

டீச்சரிடம் ஓடினேன். "நானும் சொல்லிப் பாத்துட்டேன். என் பேச்சை யார் கேட்டா?" என்று அவர் கண் கலங்கினார். வேறு வழியில்லாமல் நானே முங்கி சாரிடம் போட்டு உடைத்தேன். சொல்லி முடிக்கிறவரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொறக்கவே முடியாதா?"

"முடியாது சார்."

"உள்ள பசங்க இருப்பாங்கல்ல?" என்றார்.

"ரூம் நிறைய."

"அப்ப போயிடலாம்."

அன்று சாயங்காலம் மொட்டைமாடிக் கொட்டகையிலிருந்து ஒரு கதவை இறக்கி, படுக்கையறைக்கு மாட்டினார். எனக்கு முதலில் புரியவில்லை. மறுநாளிலிருந்து மேலே தடால் தடால் என்று சத்தம். கதவைச் சாத்துகிறார், உள்ளே இருக்கிறார், திறந்துகொண்டு வெளியே வந்து மூச்சு வாங்குகிறார், மறுபடி சாத்துகிறார். பழகிக்கொள்கிறாராம்! டம்ளரை ஓசையில்லாமல் வைக்கிற மனுஷன் இப்படி அடித்துச் சாத்துகிறாரே, கோபமாக்கும் என்று நினைத்தேன். என் மிஷினும் அந்த வாரம் கிறீச் கிறீச் என்று உயிரை வாங்கியது. மேலிருந்து ஒரு வார்த்தை இல்லை. "பெல்ட்டா, பாபினா, என்னன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா? உங்ககிட்ட கேக்கறது செவிடன் காதுல ஊதின சங்குதான்!" என்று கீழிருந்தே கத்தினேன். பதில் வரவில்லை. மனுஷனுக்கு இருக்கிற கவலையில் என் மிஷின் எங்கே நினைவிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

திறப்பு விழாவுக்கு நான் தைத்த வெள்ளைச் சட்டை. சொந்தம் என்று உட்கார்த்திவைக்க யாருமில்லாததால் பக்கத்தில் நான். துணைவேந்தர் கைகுலுக்கினார், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் நேராக நடந்துபோய், அந்தச் சக்கரத்தில் கை வைத்தார். சுற்றினார். கதவு திறந்தது. ஒரு காலை உள்ளேயும் வைத்துவிட்டார். நான் பின்னால் நின்றதால் முகம் தெரியவில்லை. சட்டையின் முதுகுத் தையல் மட்டும் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெள்ளைத் துணி முழுக்க வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"வாங்க சார், உள்ள வாங்க" என்று நாலு பேர் கூப்பிடுகிறார்கள். அவர் வைத்த காலை எடுத்துக்கொண்டார்.

"நீங்க நடத்துங்க. நான் வெளியில இருக்கேன்."

அவ்வளவுதான். எல்லோரும் உள்ளே போக, கதவு தானாக மூடிக்கொண்டது. உள்ளே அவரைப் பற்றிப் பேசினார்கள். நான் தைத்த திரை விலகி அவர் படம் தெரிந்ததாம். நான் பார்க்கவில்லை. தோட்டத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்தக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உடைத்திருப்பேன்.

ஆனால் ஆசை விடவில்லை. மறுநாளிலிருந்து தினமும் கிளம்பிவிடுவார். அந்த பெஞ்சுக்கு எதிரே ஒரு வகுப்பறை. அதற்குத் தோட்டத்துப் பக்கமாக ஒரு சின்ன இரும்புக் கதவு, இரண்டு வட்ட ஜன்னல். உள்ளே பிள்ளைகள் வாயசைப்பது தெரியும். இவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காலையிலிருந்து மதியம்வரை உட்கார்ந்திருப்பார். சாப்பிட வந்தால் கேட்பேன்.

"என்ன சார், கேட்டுச்சா?"

"இல்லம்மா. கண்ணாடி கனம்."

தினமும் இதே கேள்வி, இதே பதில். தண்ணீருக்குள் மைல் கணக்கில் தள்ளிப் போகிற கப்பலைக் கேட்ட காதுக்கு, அவர் பெயர் வைத்த கட்டடத்தில் ஒரு சத்தம் வரவில்லை! பதிவாளரிடம் போய், அந்தச் சின்னக் கதவை மட்டும் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்டேன். சரி என்று சொல்லி அனுப்பினார். காவலாளி விடவில்லை. "ஏசி வீணாப்போகும்" என்று, நான் முட்டுக்கொடுத்த கல்லையும் எடுத்து எறிந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்!

அடுத்த நாள் நானும் அவரோடு கிளம்பினேன். கடையைப் பூட்டிவிட்டு, அவருடைய திருப்புளியை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். நேரே போய்க் கதவின் கீலில் கையை வைத்தேன். முதல் ஸ்க்ரூ வந்துவிட்டது. இரண்டாவது முரண்டு பிடித்தது. காவலாளி ஓடிவந்தார்.

"ஏம்மா! யாரு நீ? கட்டடத்துக் கதவைக் கழட்டுற?"

"மேல எழுதியிருக்கற பேரைப் படிய்யா! அவருக்கு நான் வீட்டுக்காரி! எங்க கதவை நாங்க கழட்டிப் பழக்கம்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. வீட்டுச் சொந்தக்காரி என்று சொல்ல வந்தவள். காவலாளி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். போகட்டும், இந்த வயசில் என்ன வந்துவிடப்போகிறது. சத்தம் கேட்டு டீச்சர் உள்ளேயிருந்து கதவைத் திறந்துகொண்டு வந்தார். என்னைப் பார்த்தார், திருப்புளியைப் பார்த்தார், பெஞ்சில் இருந்தவரைப் பார்த்தார்.

"விடுங்க, கழட்டட்டும். நான் பாத்துக்கறேன்" என்றார் காவலாளியிடம். டீச்சரே கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

கடைசி ஸ்க்ரூவும் வந்தது. இரண்டு பேருமாகக் கதவைத் தூக்கிச் சுவரில் சாய்த்தோம். ஸ்க்ரூக்களை நூல் சுற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். டீச்சர் உள்ளே திரும்பி ஏதோ சொன்னார். அவ்வளவுதான், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் கடைக்காரன்போல நடிக்கிறான், ஒருத்தி பேரம் பேசுகிறாள், மற்றவர்கள் சேர்ந்து கத்துகிறார்கள், சிரிப்பு, மேஜையில் தட்டல். அந்த மொழியில் எனக்கு ஓர் எழுத்து தெரியாது. ஆனாலும் தோட்டம் நிறைந்துபோயிற்று. நானே ரிப்பன் வெட்டியவள் மாதிரி பெருமையோடு அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

தலையைச் சாய்த்து, என்னைப் பேசாதே என்று ஒரு கையைத் தூக்கிக் காட்டியபடி, திறந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?" என்றார்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் டீச்சர் முகத்தைப் பார்த்தார். உள்ளே அசைகிற வாய்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தூக்கிய கை மெதுவாக இறங்கி முழங்காலில் வந்து உட்கார்ந்தது.

"அப்ப கண்ணாடி இல்ல" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கீழிருந்து கத்தினேனே, சங்கு கிங்கு என்று, அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலாவது தேவலையே என்று இருந்தது. டீச்சர் அழுதுகொண்டே உள்ளே போனார். வகுப்பு நிற்கவில்லை, பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? எல்லோருமாகச் சேர்ந்து ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது என் காதில் நன்றாக விழுந்தது.

பெஞ்சில் அவருக்கு ஒட்டினாற்போல உட்கார்ந்தேன். அவர் காதோரம் வாயை வைத்து, என் தொண்டையில் இருக்கிற அத்தனை பலத்தையும் கூட்டி, கேட்ட அந்த வாக்கியத்தை அப்படியே கத்தினேன். மரத்தில் இருந்த காக்கை எழுந்து பறந்தது.

அவர் முகத்தைச் சுளித்தார். "கடைசியில அழுத்தக் கூடாது. மூச்சு விடற மாதிரி விட்டுடணும். எங்க, திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன்.

"ம். இப்பப் பரவாயில்ல."

"என்ன சார் அர்த்தம்?"

"இந்தக் கடையில் குடை கிடைக்குமா?"

"நல்லா இருக்கு போங்க! இதைக் கேக்கவா இத்தனை வருஷம் காத்திருந்தீங்க?"

அவர் சிரித்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை. "பசங்க எப்படிச் சொல்றாங்க? சிரிச்சுக்கிட்டா?"

"சிரிச்சுக்கிட்டுத்தான் சார்! ரூம் நிறைய!"

கண்ணை மூடிக்கொண்டு என் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"அடுத்ததைக் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

நான் வாசல் பக்கம் காதைத் திருப்பினேன்.